நாலு கிலோ இருநூறு கிராம் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். எடை நாலு கிலோ இருநூறு கிராம். ஒரு நாள் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து கணக்கப்பிள்ளை வெற்றிலை போட அந்தப் பக்கம் திரும்பிய நேரம், துணிப்பையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தவளை எடுத்துத் தோட்டத்துத் தராசில் வைத்து நானே பார்த்தேன். என் வாழ்க்கையைப் பங்கு போட வந்தவள் எத்தனை கனம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பெரியாயி கூட நின்றாள். "என்னாடி கொழுந்துக்குப் பதிலா கல்ல நிறுக்குற?" என்று கேட்டுச் சிரித்தாள்.

கல் இல்லை, பல். யானையின் கடைவாய்ப் பல். எத்தனை ஆயிரம் வருசத்துக்கு முன்னால் செத்த யானையோ, சேற்றுக்குள் கிடந்து கிடந்து பாதி எலும்பும் பாதி கல்லுமாக ஆகிவிட்டது. மேலே வரிவரியாக ஓடும், காய்ந்த வயல் வரப்பு மாதிரி. நிறம் சாம்பல். பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் மருதவீரன் அதைத் தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குவார். என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் அவர் கையில் கொடுத்தபோதுகூட அவ்வளவு பயபக்தியாக வாங்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது விளங்காது. இலங்கை மலைநாட்டில், லுணுகலையில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அவர் பிறந்ததும் நான் பிறந்ததும் இங்கேதான். இருபது வயதில் "காலம்பற பெரட்டுல வரிசையா நின்னு வேலைக்குப் பேர் குடுக்க மாட்டேன்" என்று கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்குப் போனார். பதினெட்டு வருசம் குழிக்குள் இறங்கினார். இடுப்பளவு சேற்றில் நின்று சரளை மண்ணை வெட்டி மேலே அனுப்ப வேண்டும். பிறகு அதைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றி அலச வேண்டும். மாணிக்கம் வந்தால் காணிக்காரர் பெயர் பேசப்படும், குழிக்காரர் பெயர் பேசப்படும், கல்லை வாங்கிய முதலாளி பெயர் பேசப்படும். சேற்றில் நின்றவன் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். கூடையில் பல்லும் எலும்பும் வந்தால் யாருக்கும் வேண்டாம். வீசிவிடுவார்கள். வீசியதை எல்லாம் இவர் பொறுக்கினார்.

1999 ஓகஸ்ட் 28 எங்களுக்குக் கலியாணம். மாணிக்கக் குழிக்காரன் மாப்பிள்ளை என்று என் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். மூன்றாம் மாதம் லீவில் வந்தவர் ஒரு மூட்டையை இறக்கினார். நானும் கதவைச் சாத்திவிட்டு ஆசையாக அவிழ்த்தேன். உள்ளே முழுக்க மாட்டுப் பல் மாதிரி பல்லும் உடைந்த எலும்பும். "இத வச்சு என்னா செய்ய?" என்றேன். "வச்சுப் பாக்கத்தான்" என்றார். அன்றைக்கே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. நான் புதுப்பெண். வைத்துப் பார்க்க நான் இல்லையா?

ஜூலை மாதம் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் பக்கம் உதடு வெடிக்கும். தேயிலைக்கு அந்தக் காற்றில்தான் வாசம் ஏறும், அதனால் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் சேற்றில் இருந்து வந்த பல்லுக்கு அது எமன். ஜன்னலில் அவர் வைத்திருந்த முதல் பல் ஒரு மத்தியானம் டப்பென்று நாலாகப் பிளந்தது. துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாப்பிட எழும்பவில்லை. பிறகு ஒரு யோசனை கண்டுபிடித்தார். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார், உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அதில் காய்ந்த தேயிலைத் தூளைக் கொட்டி நடுவில் பல்லைப் புதைத்தார். "கொழுந்த எப்புடி மெதுவா வாட்டுறோமோ அப்புடித்தான் தவம் இதையும் வாட்டணும். தூளு ஈரத்தக் கொஞ்சங் கொஞ்சமா இழுத்துக்கும், காத்து படாது" என்றார். தவமணி என்ற என்னை அவர் தவம் என்றுதான் கூப்பிடுவார்.

யோசனை நல்லதுதான். அதற்குப் பிறகு ஒரு பல்லும் வெடிக்கவில்லை. ஆனால் தூள் எங்கே இருந்து வந்தது? தோட்டத்தில் மாதாமாதம் எங்களுக்குக் குடிக்கக் கொடுக்கிற தூள். பாதிக்கு மேல் பெட்டிக்குள் போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலை பறித்து, வீட்டில் கொத்தமல்லி அவித்துக் குடித்த பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடுவில் நான் நாலு வருசம் குவைத்துக்குப் போய் வீட்டு வேலை செய்தேன். திரும்பி வந்தது 2010இல். அதே வருசம் குழிச் சுவர் சரிந்து அவருக்கு இடுப்பில் அடி. குழி வேலை முடிந்தது, தோட்டத்துக்கே வந்து தேயிலைக் கன்று நேர்சரியில் சேர்ந்தார். குவைத் சம்பளத்தில் நான் பதுளைக்குப் போய் ஒரு ஷோகேஸ் வாங்கினேன். நாலு தட்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு சின்ன லைட். லயத்தில் அப்படி ஒன்று யாரிடமும் கிடையாது. குவைத்தில் இருந்து கொண்டுவந்த தங்கக்கரை போட்ட டீ செட், கண்ணாடி மயில், மகளின் பொம்மை எல்லாவற்றையும் அடுக்கினேன். அந்த டீ செட்டில் நாங்கள் ஒரு நாளும் குடித்ததில்லை. அது குடிப்பதற்கு இல்லை, நான் நாலு வருசம் பட்ட பாடு வீண் போகவில்லை என்று பார்ப்பதற்கு.

இரண்டு வருசத்துக்கு முன்னால் வெலிமடையில் கட்டிக்கொடுத்த மகளின் பிரசவத்துக்குப் போய் நாற்பது நாள் நின்றேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஷோகேஸுக்குள் லைட் எரிகிறது. மேல் தட்டில் நடுவாக அந்த யானைப் பல் உட்கார்ந்திருக்கிறது, மகாராணி மாதிரி. சுற்றி வர மற்றப் பற்கள். சின்னப் பற்கள் எல்லாம் நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுத்திருக்கின்றன. கீழே விரித்திருந்த துணியைப் பார்த்தேன். மகளின் சட்டைக்கு என்று நான் வைத்திருந்த குவைத் வெல்வெட், தட்டுக்கு அளவாக வெட்டப்பட்டிருந்தது. என் டீ செட் கட்டிலுக்கு அடியில் உரச்சாக்குக்குள் கிடந்தது.

நான் போட்ட சத்தத்தில் பெரியாயி ஓடிவந்தாள்.

"செத்த மிருகத்து எலும்ப சாமிப் படத்துக்கு நேரா வச்சுருக்காரு பாரு பெரியாயி! வெளங்குமா இந்த வீடு?"

"நாப்பது நாளு நீ இல்லாம மனுசன் வேற என்னாத்தத்தான் பாப்பாரு" என்றாள் பெரியாயி. அவளுக்கு எல்லாம் சிரிப்புத்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு நெருப்புப்பெட்டியை மெல்ல நேராக்கி வைத்தார். "ஒரு தட்டு மட்டும் குடு தவம்" என்றார். கடைசியில் மேல் தட்டு அவருக்கு, மற்ற மூன்றும் எனக்கு என்று முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாதத்துக்கு ஒரு பல் கீழே இறங்கியது. என் கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சாக்குக்குப் போயின. ஆறு மாதத்தில் கண்ணாடி மயில் மட்டும்தான் மிச்சம், அதையும் ஒரு எலும்புக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்.

இதிலும் என்னால் பொறுக்கவே முடியாதது அந்தச் சீட்டுகள்தான். பழைய கலண்டர் அட்டையைக் கத்தரித்து, பின்பக்கத்து வெள்ளையில், ஒவ்வொரு பல்லுக்கும் அவர் கையால் எழுதி வைத்திருந்தார். எந்தக் குழி, எத்தனை முழம் ஆழம், சேறு என்ன நிறம், எந்தத் திகதி. எல்லாம் குழியில் இருக்கும்போதே குறித்த கொப்பியைப் பார்த்து எழுதியது. யானைப் பல்லுக்கு, 'பதினாறு முழம், கறுப்புச் சேறு, 11.03.2004' என்று இருந்தது. ஒரு மான் பல் கிடைத்த திகதி இந்த மனிதருக்குத் தெரியும். என் பிறந்தநாள் தெரியாது. கலியாண நாள் தெரியாது. இருபத்தைந்து வருசத்தில் ஒரு தடவைகூட அந்தத் திகதியை அவராக நினைத்துச் சொன்னதில்லை. நானும் கேட்கமாட்டேன். கேட்டு வாங்குகிறதா அது?

என் வாயால்தான் நான் கெட்டேன். இந்த வருசம் ஏப்ரலில் புதுவருசத்துக்குச் சீலை எடுக்கப் பதுளைக்குப் போனபோது, வழமையாகப் போகிற புடவைக் கடையில் வெல்வெட் கேட்டேன். முதலாளி ஜுனைதீன் நானா எதற்கு என்று கேட்டார். உள்ளே இருந்த எரிச்சல் எல்லாம் கொட்டிவிட்டது. என் வெல்வெட்டை வெட்டி எலும்புக்கு மெத்தை போட்ட கதையைச் சொன்னேன். காசுமேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய மகள் நளீரா. பல்கலைக்கழகத்தில் மண்ணும் பாறையும் படிப்பிக்கிறவர், லீவில் வந்திருந்தார்.

"உண்மையாவா சொல்றீங்க? எந்தக் குழின்னு எழுதியும் வச்சிருக்காரா? நான் வந்து பாக்கலாமா?" என்றார். நான் விளையாட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நளீரா மிஸ் உண்மையாகவே லயத்து வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். அந்தச் சட்டையை அவர் என் அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்குக்கூடப் போடவில்லை. மிஸ் யானைப் பல்லை இரண்டு கையாலும் வாங்கினார், இவரைப் போலவே. எனக்கு அங்கேயே எரிச்சல் ஏறிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இவர் மாட்டுப் பல் என்று வைத்திருந்தது காண்டாமிருகமாம். பன்றி என்று நினைத்தது நீர்யானையாம். இன்றைக்கு நம் நாட்டில் அதெல்லாம் காட்டில் கிடையாது, அப்போது இருந்திருக்கிறது, இதற்கு உயிர்ச்சுவடு என்று பெயர் என்றார்.

நான் திரைக்குப் பின்னால் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மிஸ் மேல் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பேசினதுதான் என்னைக் கொன்றது. இரண்டு மணி நேரம் பேசினார் மனிதர். குழிக்குள் காற்று எப்படி இருக்கும், மூழ்கிப்போன கூட்டாளி பெயர் என்ன, சேற்றின் நிறம் எந்த ஆழத்தில் மாறும், முதல் பல் கையில் பட்டபோது உடம்பு எப்படிச் சிலிர்த்தது. இருபத்தைந்து வருசம் கூட இருந்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. என்னிடம் சொன்னதில்லை.

போகும்போது மிஸ் சொன்னார்: "ஒக்டோபர்ல பதுளையில மூணு நாள் கண்காட்சி ஒண்ணு வைக்கப்போறோம் அண்ணே. ஒரு கண்ணாடிப் பெட்டி முழுக்க உங்க சேகரிப்புக்கே தரலாம். எங்க பேராசிரியர், பெரிய சேர், செப்டம்பர்ல வந்து பாத்து ஓம்னு சம்மதம் சொல்லணும். அதுவரைக்கும் கழுவாதீங்க, எதையும் பூசாதீங்க."

"என் பேரு போடுவீங்களா மிஸ்?"

"முழுப் பேரு. 'சேகரித்தவர் மருதவீரன்'னு அட்டையில இருக்கும்."

அவர் முகத்தை நான் திரை இடுக்கால் பார்த்தேன். பதினெட்டு வருசம் சேற்றில் நின்ற மனிதர். மிஸ்ஸை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் என்னிடம் சொன்ன ஒரே கதை அதுதான். "கூலிக்காரன் பேரு கண்ணாடிக்குள்ள வரப்போவுது தவம்." எனக்கும் கொஞ்சம் சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் சந்தோசத்தைவிட எரிச்சல்தான் கூட இருந்தது.

இந்த வருசக் கச்சான் பலமாக அடித்தது. பல்லின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பைக் கண்டு பயந்துபோனார். அந்த மாதத் தூளைப் பொட்டலத்தோடு கொட்டி யானைப் பல்லைப் பெட்டிக்குள் புதைத்தார். செப்டம்பர் வரைக்கும் திறக்கமாட்டேன் என்றார்.

ஓகஸ்ட் 28 வந்தது. இருபத்தைந்தாவது வருசம். நான் பெரட்டுக்குப் போகவில்லை. புதுச் சீலை கட்டினேன், பாயாசம் வைத்தேன். அவர் காலையில் லுணுகலைக்குப் போனார், எங்கே என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்குக் கையில் ஒரு பார்சலோடு வந்தார். வெட்கமாக இருக்கிறது சொல்ல, நாற்பத்தாறு வயதில் தலைமயிரைச் சரி பண்ணிக்கொண்டேன். அவர் பார்சலைப் பிரித்தார். ஒரு பஞ்சு உருளை, ஒரு சின்னப் பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி.

"இங்க பாரு தவம், மூணு மடங்கு பெருசாக் காட்டுது" என்று என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். பிறகு பாயாசத்தைக் குடித்தார், இன்றைக்கு என்ன விசேசம் என்றுகூடக் கேட்காமல் நேர்சரிக்குப் போய்விட்டார்.

நான் பெட்டியைத் திறந்தேன். காய்ந்த தூளை எல்லாம் அள்ளி என் டின்னில் போட்டேன். என் தூள் எனக்கு. ரோசாச் செடிக்குப் போட என்று, அவருக்குத் தேத்தண்ணி போட்ட ஒரு வாரத்துத் தேயிலைச் சக்கையை வாளியில் சேர்த்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஈரத்தோடு அவள் தலையில் கொட்டினேன். எத்தனையோ ஆயிரம் வருசம் சேற்றில் கிடந்தவளுக்கு இது என்ன செய்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். மூடியை அழுத்தி மூடினேன். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.

செப்டம்பர் 15, நளீரா மிஸ் பெரிய சேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, கையில் தோல்பை, பேச்சுக் குறைவு. நான் இஞ்சி பிளேன்டீ போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். புளித்த வாடை காம்பரா முழுக்கப் பரவியது. சக்கைக்குள் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பல்லைத் தூக்கினார். சாம்பல் நிறம் போய் கறுத்த மண்ணிறம், இடையிடையே வெள்ளைப் பூஞ்சணம்.

சேர் ஈரப் பஞ்சால் ஒரு இடத்தில் தேய்த்தார். பஞ்சு மண்ணிறமாக வந்தது. முகர்ந்து பார்த்தார். மிஸ்ஸின் ஃபோனில் ஜூலை மாதத்துப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தேயிலைச் சாயம். பழசு மாதிரிக் காட்டி வெளிநாட்டுக்காரருக்கு விக்கிறதுக்கு இப்படித்தான் செய்வாங்க. ஜூலையில சாம்பலா இருந்திருக்கு. பெறுமதின்னு நீங்க சொன்ன பிறகு நிறம் ஏறியிருக்கு நளீரா." சேர் குரலை உயர்த்தவில்லை. ஷோகேஸ் பக்கம் திரும்பி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் எப்ப எழுதினது? எல்லாம் ஒரே பேனை போல இருக்கே."

மிஸ் இவரைப் பார்த்தார். "அண்ணே, சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கையில் ஒட்டிய சக்கையைத் துடைக்காமல் பார்த்தார். தான் போட்டது காய்ந்த தூள் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருப்பது இரண்டு பேர் என்றும் தெரியும். சொல் தவமணி, சொல் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். நான் பிளேன்டீத் தட்டை சேருக்கு நீட்டினேன்.

"தேயிலைல வச்சது நாந்தான் சேர்" என்றார்.

கண்காட்சிக்கு ஓம் சொல்லாமலே அவர்கள் போனார்கள். சேர் பிளேன்டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் ஷோகேஸைத் திறந்து பற்களை ஒவ்வொன்றாக எடுத்து உரச்சாக்கில் போட்டார். வெல்வெட்டை உதறி மடித்தார். கட்டிலுக்கு அடியில் இருந்து என் டீ செட்டை எடுத்து, ஒவ்வொரு கோப்பையையும் வேட்டி முனையால் துடைத்து, மேல் தட்டில் நடுவாக அடுக்கினார். இரண்டு வருசமாக நான் கேட்டது இதைத்தான். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"நாந்தாங்க சக்கையக் கொட்டுனேன்" என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவாங்களா? பொண்டாட்டி மேல பழியப் போடுறான்னுதான் சொல்லுவாங்க." கோப்பையின் காதை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தார். "விடு. எங்க பேரு எல்லாம் கண்ணாடிக்குள்ள வர்ற பேரா?"

ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த ஞாயிறு அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் சாக்கில் இருந்து யானைப் பல்லை எடுத்து, பழைய சீலையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்தான் கிடைத்தது. பசறை வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் அவளை மடியில் வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா "பலாக்காயா?" என்று கேட்டாள். "இல்லைங்க, சக்களத்தி" என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

புடவைக் கடைக்கு மேல்மாடியில்தான் நளீரா மிஸ்ஸின் வீடு. மேசையில் பல்லை வைத்துவிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன், ஷோகேஸில் இருந்து சக்கை வாளி வரைக்கும். மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

"அண்ணனக் காப்பாத்தச் சொல்றீங்களோன்னு சேர் கேப்பாரே அக்கா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவருக்குத் தொண்டக் கட்டுன்னு எங்க வீட்டுல தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போடாத நாளே இல்ல. அன்னைக்கு சேரும்தானே குடிச்சாரு. அந்தச் சக்கையத்தான் நான் கொட்டுனேன். நல்லாப் பாருங்க மிஸ். சாயம் போட்டு விக்கிறவன் இஞ்சி தட்டியா போடுவான்?"

மிஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். பல்லின் வரிகளுக்கு இடையில் கண்ணை ஓட்டினார். பிறகு சின்னக் குறட்டால் ஒரு இடுக்கில் இருந்து எதையோ இழுத்தார். நார். இன்னொரு இடுக்கில் இன்னொன்று. மூன்றாவது, விரல்நகம் அளவு ஒரு இஞ்சித் துண்டே. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு சேருக்கு ஃபோன் எடுத்தார். நான் குவைத்தில் சம்பளம் கேட்க நின்ற மாதிரி நின்றேன். இஞ்சி என்ற சொல்லை மிஸ் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"குழியில வச்சு எழுதின கொப்பி இருக்கான்னு கேக்குறாரு" என்றார் மிஸ்.

"இருக்கு. சேறு அப்புன கொப்பி. என் கலியாணச் சீலைக்குக் கீழதான் வச்சுருக்காரு, என் சீலைய நகத்திட்டு."

ஃபோனை வைத்ததும் மிஸ் சொன்னார்: "சேர் ஓம் சொல்லிட்டாரு. கொப்பியோட எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்றாரு. ஆனா இந்தச் சாயத்த மறைக்க ஏலாது அக்கா. இதுக்கு என்ன நடந்துச்சு, யாரு செஞ்சா, எப்ப செஞ்சான்னு சீட்டுல இருக்கணும். மறைச்சாத்தான் அது பொய். அண்ணன் கையாலேயே எழுதட்டும்." பிறகு, "திகதி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மிஸ்" என்றேன். அந்தத் திகதியா எனக்கு மறக்கும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முதலில் பல்லைத்தான் வாங்கிப் பார்த்தார், வழியில் எங்கேயும் அடிபட்டதா என்று. என்னைப் பார்க்கவில்லை. பல்லையே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் ஷோகேஸில் இருந்து டீ செட்டை எடுத்துக் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன். அவர் கலண்டர் அட்டையைக் கத்தரித்துத் தேயிலைப் பெட்டி மூடியில் வைத்து எழுத உட்கார்ந்தார். 'சேகரித்தவர் மருதவீரன்' என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழி, பதினாறு முழம், கறுப்புச் சேறு, கிடைத்த திகதி.

"யாரு செஞ்சா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 'தேயிலைச் சாயம்: மனைவி தவமணி' என்று எழுதினார். "எப்ப செஞ்ச?"

"ஓகஸ்ட் இருபத்தெட்டு."

28.08 என்று எழுதினார். பேனை நின்றது. அந்த இலக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாயாசம் ஞாபகம் வந்ததா, புதுச் சீலை ஞாபகம் வந்ததா தெரியாது, முகம் மாறியது.

"தவம், அன்னைக்கு..." என்றார்.

"ஆமா" என்றேன். "இருபத்தஞ்சு. நீங்க எழுதி முடிங்க."

அவர் குனிந்தார். வருசத்தையும் எழுதி, மை காய ஊதி, அந்தச் சீட்டைப் பல்லுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். என் பெயரும் எங்கள் கலியாண நாளும் அவர் கையெழுத்தில் இருப்பது உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான். அதையும் அவளுக்காகத்தான் எழுதினார்.